மழைநீரில் கழுவிய பேருந்து

வல்லாகுளம் பணிமனையின் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத்தண்ணீர்தான் வரும் என்பதும், அந்தத் தண்ணீரில் கழுவிய பேருந்துகளின் கண்ணாடிகள் காய்ந்ததும் கோலமாவைத் தூவியதுபோல வெளுத்துவிடும் என்பதும், ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள்கூட எந்த ஊர் வந்திருக்கிறது என்று கண்டக்டரைக் கேட்டுத்தான் இறங்குவார்கள் என்பதும் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயங்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை. அந்த வழியில் பார்க்கும்படியாக என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மழை பெய்தால் மட்டும் பணிமனை குளமாகிவிடும். கொட்டகைத் தகரத்தில் விழுந்த தண்ணீரும் முற்றத்தில் விழுந்த தண்ணீரும் டீசலையும் கிரீஸையும் சேர்த்துக்கொண்டு பின்தெருவின் சமையலறைகளுக்குள் புகும். ஒரு ஐப்பசியில் பின்தெருப் பெண்கள் கறுத்துப்போன குழம்புச் சட்டிகளோடு வந்து வாசலில் உட்கார்ந்து ஒரு வண்டியையும் வெளியே விடாமல் மறித்த பிறகுதான், கிளை மேலாளர் கோமளவல்லி மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஒரு மழைநீர்த் தொட்டியைக் கட்டினார். தகரத்திலிருந்து குழாய்கள் இறங்கின, முற்றத்தைச் சுற்றி வாய்க்கால் ஓடியது, எண்ணெய் மிதந்து தங்கிக்கொள்ள ஒரு குழி, கசடு வடிய மணலும் ஜல்லியும் நிரப்பிய இன்னொரு குழி, அதற்கப்பால் தரைக்கடியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கூடம் அளவுக்குத் தொட்டி. மேலே ஒரு பலகை: 'மழைநீர். குடிக்க உகந்ததல்ல. வண்டி கழுவவும் தரை கழுவவும் கழிப்பறைக்கும் மட்டும்.'

அடுத்த மழைக்காலத்தில் தொட்டி நிரம்பியது. அந்தத் தண்ணீரில் முதன்முதலாகக் கழுவப்பட்டது பரஞ்சோதி ஓட்டும் செம்மண்குழி வண்டி. கண்ணாடிகள் உப்பு பூக்காமல் காய்ந்தன. அவ்வளவு தெளிவான கண்ணாடியை அந்தப் பணிமனை அதுவரை பார்த்ததில்லை. பொழுது விடிந்து வெளிச்சம் ஏறியபோது, இடதுபக்க ஜன்னல்களில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெளியே யாருமில்லை, உள்ளேயும் யாருமில்லை, கண்ணாடியில் மட்டும் நின்றார்கள். தலையில் துண்டைப் போட்ட ஒரு பெரியவர், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, தூக்குவாளி பிடித்த கொத்தனார்கள், பள்ளிக்கூடப் பையை வயிற்றுப் பக்கம் மாட்டிக்கொண்ட பிள்ளைகள், நீலச் சுடிதாரில் ஃபைலை மார்போடு அணைத்தபடி ஒரு கையை உயர்த்திய ஒரு பெண். எல்லோரும் மழையில் நனைந்திருந்தார்கள். யாருடைய முகத்திலும் கோபமில்லை. தூரத்தில் வண்டி வருவதைப் பார்த்ததும் பாதி எழுந்து, பாதி கை தூக்கி, நிற்குமா நிற்காதா என்று பார்க்கும் முகம் எல்லோருக்கும் உண்டே, அந்த முகம்தான் அது. வண்டி வரும் திசையைப் பார்த்தவர்கள் ஆனதால், அத்தனை பேரும் டிரைவர் சீட்டையே பார்த்தார்கள்.

பரஞ்சோதி தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தார். கண்டக்டர் இருதயராஜும் பார்த்தார். இருவருக்கும் யாரென்று உடனே தெரிந்துவிட்டது.

"வண்டிய எடுங்கண்ணே, நேரமாச்சு" என்றார் இருதயராஜ், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

பரஞ்சோதி நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கொடுத்த பதக்கத்தை சுலோச்சனா, அவர் மனைவி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். அவர் வண்டி செம்மண்குழியில் புறப்பட்டு, பொட்டல் காலனி நிறுத்தம், மேலக்குறிச்சி, அங்கிருந்து வல்லாகுளம் என்று வரும். இந்த வழிக்கு அவர் வந்த புதிதில் மேலக்குறிச்சியின் தவசியாண்டி, ஊர்க் காரியங்களை முன்நின்று நடத்தும் மனிதர், இளநீர் வெட்டிக் கொடுத்து, தோளில் கைபோட்டுச் சொன்னார்: "காலனியில நிறுத்தாதீக டிரைவரே. அவுக முதல்லயே ஏறி உக்காந்துக்கிட்டா எங்க பொம்பளைக நின்னுக்கிட்டுல்ல வரணும்? நடந்து வந்து நம்ம ஊர்ல ஏறட்டும். வேணாங்கலையே."

பரஞ்சோதி சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. மறுநாள் காலனி நிறுத்தம் நெருங்கியபோது கால் தானாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தது, கண் தானாக வலதுபக்கத்துக் கருவேலங்காட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் கருவேலங்காட்டையே பார்த்தார். மேலக்குறிச்சியின் ஒவ்வொரு திருவிழாவிலும் அவருக்கு முதல் பந்தியில் இலை போட்டார்கள். அவரும் சாப்பிட்டார்.

அன்று மேலக்குறிச்சியில் வண்டி நின்றதும் வழக்கம்போலப் பெண்கள் முண்டியடித்து ஏறி, வழக்கம்போல நின்றுவிட்டார்கள். யாரும் பயப்படவில்லை, யாரும் கூச்சல் போடவில்லை. பூ விற்கப் போகும் ஒருத்தி கண்ணாடியைக் கூர்ந்து பார்த்து, "இது நம்ம காலனி ஆளுகல்ல?" என்றாள். இன்னொருத்தி, "ஆமா, அந்தா கொத்து வேலைக்குப் போற முத்தன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பிறகு ஒவ்வொருவராக வலதுபக்கம் போய் உட்கார்ந்தார்கள். வலதுபக்கம் நிரம்பியதும் நின்றார்கள். இடதுபக்க இருக்கைகளில் யாரும் உட்காரவில்லை. அந்தக் கண்ணாடியில் தோள் பட்டுவிடும், தலை சாய்ந்துவிடும். எந்த இருக்கைகளுக்காகக் காலனியைக் கடந்து வண்டி பறந்ததோ அந்த இருக்கைகள் காலியாகக் கிடக்க, மேலக்குறிச்சியின் பெண்கள் நின்றுகொண்டே டவுனுக்குப் போனார்கள். பாரம் ஒருபக்கமாகி, வண்டி வலதுபுறம் சாய்ந்தபடி ஓடியது.

அதுவே வழக்கமாயிற்று. பணிமனையின் மற்ற வண்டிகளையும் மழைநீரில் கழுவியபோது அந்தந்த வண்டிக்கு உரியவர்கள் அந்தந்தக் கண்ணாடியில் வந்து நின்றார்கள். ஒன்றில் கூடை நாறுகிறது என்று இறக்கிவிடப்பட்ட மீன்காரிகள், ஒன்றில் ஏறுவதற்கு நேரமாகும் என்று விடப்பட்ட ஊன்றுகோல்காரர், ஒன்றில் இலவச அட்டை வைத்திருந்த கிழவர்கள். பேருந்து நிலையத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்து தங்களைத் தேடியவர்கள் உண்டு. ஒரு மீன்காரி தன்னைக் கண்டுபிடித்து, கண்டக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியில் ஊதி, நிற்கிறவர்களுக்கு மீசை வரைந்தார்கள். பயணச்சீட்டுப் பரிசோதகர் ஒருவர், நிற்பவர்களைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுப் பதில் வராமல் விட்டுவிட்டார். தவசியாண்டி தன் செலவில் ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை தைத்துக் கொடுத்தார். மாட்டிய அன்றே திரைகள் உள்ளிருந்து நனைந்து, ஆட்களின் உருவத்துக்கு ஒட்டிக்கொண்டன. இருதயராஜ் அவற்றைக் கழற்றிப் பிழிந்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பரஞ்சோதி மேலாளரிடம் போனார்.

"மேடம், நம்ம வண்டிய மட்டும் பழைய போர்த் தண்ணியிலயே கழுவச் சொல்லுங்க."

"ஏன், கண்ணாடி தெளிவா இருக்கிறது பிடிக்கலையா?"

அவர் தரையைப் பார்த்தார். கோமளவல்லி மேற்கொண்டு கேட்காமல் கழுவச் சொன்னார். உப்புத்தண்ணீரில் கழுவிக் காய்ந்ததும், நின்றவர்களின் உருவத்துக்கு உப்பு பூத்திருந்தது. கண்ணும் வாயும் இல்லாமல், தூக்கிய கைகளோடு, வெள்ளையாக. அதைப் பார்க்க இன்னும் தாளவில்லை.

"ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க, பரஞ்சோதி."

"மழைத்தண்ணியே இருக்கட்டும் மேடம்."

பரஞ்சோதி யாருடைய முகத்தையும் நேராகப் பார்ப்பதை நிறுத்தியது அதற்குப் பிறகுதான். டீக்கடையில் ஓரமாக முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சவரம் செய்யும்போது தாடையை மட்டும் பார்த்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை சுலோச்சனா செம்மண்குழி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அவர் வண்டியிலேயே திரும்பினாள். இடதுபக்கம் அத்தனை இடம் காலியாக இருக்க எல்லோரும் ஏன் வலதுபக்கமே போகிறார்கள் என்று புரியாமல், டிரைவரின் முதுகு தெரியும்படி நீலச் சுடிதார் பெண் நின்ற ஜன்னலருகே உட்கார்ந்தாள். வழி முழுக்க அந்தப் பெண்ணின் முகத்தையும் தன் புருஷனின் பிடரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் சோறு போடும்போது கேட்டாள்.

"யாருங்க அந்தப் பொண்ணு? உங்களையே பாத்துக்கிட்டு இருக்கு."

"காலனிப் பொண்ணு."

"பஸ்ஸுக்குத்தான கை காட்டுது?"

"ஆமா."

"நீங்க நிறுத்தலையா?"

"நிறுத்தல."

"என்னைக்கு?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "என்னைக்குமே" என்றார்.

மறுநாள் அவர் குளித்துவிட்டு வந்தபோது சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது. பதக்கம் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

அன்று காலை பொட்டல் காலனி நிறுத்தத்தில் அவர் வண்டியை நிறுத்தினார். யாருமில்லை. நிறுத்தத்தின் கூரை எப்போதோ விழுந்து, தூணில் ஆடு கட்டியிருந்தது. நிற்காத வண்டிக்காக யார் வந்து காத்திருப்பார்கள்? காலனிக்காரர்கள் வயல் வழியே நடந்து வேறு ரோட்டுக்குப் போகவும், ஷேர் ஆட்டோ பிடிக்கவும் பழகிக் காலமாகியிருந்தது. பரஞ்சோதி இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். செம்மண்குழியில் ஏறிய ஓரிருவர், "என்னாச்சு டிரைவரே, பஞ்சரா?" என்றார்கள். ஆடு வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

நாள்தோறும் நிறுத்தினார். நாள்தோறும் யாரும் வரவில்லை. கடைசியில் ஓய்வு நாளில், சீருடை இல்லாமல், காலனிக்குள் நடந்தே போனார்.

நீலச் சுடிதார் பெண்ணின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தப் பெண் வெண்ணிலா, வாசலில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தொகுப்பு வீட்டின் ஒழுகும் கூரையோரத்தில் தகரத்தை வளைத்துக் கட்டி, மழைத்தண்ணீரை நீல டிரம்மில் பிடித்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினாள். அவரைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு எழுந்துபோய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

அவர் உட்காரவில்லை. "மன்னிச்சுரும்மா."

"எதுக்கு சார்?"

"நிறுத்தாததுக்கு."

"நீங்க நிறுத்தலங்கிறது எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு எப்ப தெரிஞ்சுச்சு?"

அவர் கண்ணாடியைப் பற்றிச் சொன்னார். அவள் கேள்விப்பட்டிருந்தாள், போய்ப் பார்க்கவில்லை.

"நான் என்ன உடுப்புல இருக்கேன்?"

"நீலச் சுடிதார். கையில ஃபைலு."

அவள் கொஞ்ச நேரம் தட்டைத் தேய்த்தாள். "அப்ப அது பிராக்டிகல் பரீட்சை அன்னைக்கு. நர்சிங் படிச்சேன். அன்னைக்கு நல்ல மழை. எப்பவும் நடந்து போறவதான், மழைன்னு நின்னேன். இந்த மழையிலயுமா நிறுத்தாமப் போவாகன்னு நெனச்சேன். நீங்க பள்ளத்துல விட்டு ஏத்துனதுல சேறு முகம் வரைக்கும் அடிச்சுருச்சு. வீட்டுக்கு வந்து மாத்திக்கிட்டு, ஓடி, உங்க மேலக்குறிச்சியில அடுத்த வண்டி பிடிச்சுப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. உள்ள விடல. அந்த வருசம் போச்சு. அடுத்த வருசம் அப்பாவுக்கு முடியாமப் போயி, நான் பனியன் கம்பெனி வேன்ல ஏறிட்டேன். அவுக வேன் காலனிக்குள்ளயே வரும்."

பரஞ்சோதிக்கு அந்தப் பள்ளம் ஞாபகம் வந்தது. வண்டி குலுங்கியதும், கண்ணாடியில் தெறித்த சேற்றை வைப்பர் துடைத்ததும் ஞாபகம் வந்தன. அன்று கருவேலங்காட்டில் ஒரு மயில் நின்றதுகூட ஞாபகம் வந்தது. நாக்கு வறண்டது. டிரம்மில் கிடந்த செம்பை எடுத்து, மொண்டு, வாய்க்குக் கொண்டுபோனார்.

"அதக் குடிக்காதீக" என்றாள் அவள் சட்டென்று. "கழுவுற தண்ணி. குடிதண்ணி லாரி இன்னைக்கு வரல. அதக் குடிச்சு வயித்தால போனா, காலனியில தண்ணி குடிச்சதாலன்னு பேசுவாக. எங்களுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

அவர் செம்பை வைத்தார். கை நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவும் கூசியது.

"தினமும் நிறுத்துறேம்மா. நீ வந்து ஒரு நாள் ஏறணும்."

வெண்ணிலா நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஏறுனா கண்ணாடியில இருக்கிறவ போயிருவான்னு நெனக்கிறீகளா?"

அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

"உங்க கண்ணாடி சுத்தமாகுறதுக்கு நான் ஏறணுமா சார்?"

சுற்றிலும் வாசல்களில் ஆட்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை, யாரும் அவரை ஆறுதலாகப் பார்க்கவுமில்லை. அவர் ரோட்டுக்கு வந்து சேரும்வரை முதுகில் அத்தனை கண்களும் இருந்தன. நிறுத்தத்தில் நின்று கை காட்டினார், அன்று வேறொருவர் ஓட்டிவந்த வண்டி நிற்காமல் போனது. காலியான ரோட்டில் நிற்பதையும் ஒரு வண்டி தன்னைக் கடந்து போவதையும் அன்றுதான் அவர் உடம்பால் அறிந்தார். மேலக்குறிச்சி வரை நடந்தார்.

மறுநாள் மேலக்குறிச்சியில் ஆட்கள் ரோட்டை மறித்து நின்றார்கள். தவசியாண்டி முன்னால் வந்தார். "காலனியில வண்டிய நிறுத்தி வேடிக்கை பாக்குறீகளாம். உங்க மேல மனு குடுக்கணுமா? இத்தனை வருசம் எங்க கையால சாப்புட்டீகளே டிரைவரே."

பரஞ்சோதி இறங்கி ரோட்டில் நின்றார். அவருக்குச் சத்தமாகப் பேச வராது. "சாப்புட்டேன்யா. அதத்தான் துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. நிறுத்தாதன்னு சொன்னது நீங்க. மிதிச்சது என் காலு. உங்க பங்க நீங்க பாத்துக்கங்க, என் பங்க நான் பாக்குறேன். இனிமே நிறுத்துவேன். மனு குடுக்குறதுன்னா குடுங்க."

கொடுத்தார்கள். கோமளவல்லி அதை வாங்கி வைத்துக்கொண்டு, 'நிறுத்தத்தில் பேருந்து நிறுத்தப்பட்டது' என்பது எப்படிக் குற்றமாகும் என்று விளக்கம் கேட்டு அவர்களுக்கே திருப்பி அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நிறுத்தத்தில் ஆட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றார். தலையில் துண்டைப் போட்டிருந்தவர்தான். அவர் யாரையும் மன்னிக்க வரவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. ஏறி, டிக்கெட் வாங்கி, இடதுபக்கம் தான் நின்ற ஜன்னலருகே உட்கார்ந்து, தன்னையே நெருங்கிப் பார்த்தார். "அப்ப மீசை கறுப்பா இருந்திருக்கே" என்றார் இருதயராஜிடம். கண்ணாடியில் நின்றவர் அவரைப் பார்க்கவில்லை, டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலக்குறிச்சியில் தவசியாண்டியின் மனைவி அங்காயி ஏறினாள். மூட்டுவலிக்காரி. வலதுபக்கம் இடமில்லை. அவள் எட்டிப் போக முடிந்த காலி இடம் பெரியவர் பக்கத்தில்தான் இருந்தது. அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அங்காயி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரஞ்சோதி திருப்பங்களில் மெதுவாகத் திருப்பினார், பள்ளங்களில் இறக்கி ஏற்றாமல் ஒதுங்கிப் போனார். ஆனாலும் அவள் காலை மாற்றி மாற்றி ஊன்றுவது மேலே இருந்த கண்ணாடியில் தெரிந்தது. கல்பாலம் தாண்டியதும் அவள் உட்கார்ந்தாள். இருக்கையின் விளிம்பில், யாரையும் பார்க்காமல், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு. அவள் அழுததற்குக் காரணம் வலி என்றுதான் அன்று வண்டியிலிருந்த எல்லோரும் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

பிறகு கொத்தனார்கள் வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். வண்டியின் சாய்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கண்ணாடியிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. ஏறியவர்கள் இருக்கையில் உட்கார்ந்திருக்க, ஏற்றப்படாத அவர்களே பக்கத்தில் மழையில் நின்றார்கள். மழைத்தண்ணீர் வற்றிய கோடையிலும் நின்றார்கள், தொட்டி மறுபடி நிரம்பியபோதும் நின்றார்கள். மக்கள் அவர்களோடு பயணம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். தலை சாய்க்கும்போது மட்டும் சிலர் சற்றுத் தயங்கிப் பிறகு சாய்த்தார்கள். சிலர் கடைசிவரை சாய்க்கவே இல்லை.

வெண்ணிலா வெகுகாலம் வரவில்லை. ஒருநாள் காலை கம்பெனி வேன் வராமல் போனதால் நிறுத்தத்தில் நின்றாள். கை தூக்கவில்லை. வண்டி நின்றது. ஏறினாள், டிக்கெட் வாங்கினாள், தன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, உள்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பரஞ்சோதி மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். ஃபைலோடு கை தூக்கி நின்றவளும், சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தவளும் தெரிந்தார்கள். ஒருத்தி அவரைப் பார்த்தாள், ஒருத்தி பார்க்கவில்லை. பார்க்காதவள் ஒருமுறை பார்த்துவிட மாட்டாளா என்று அவர் கண் அங்கேயே நின்றது. வண்டி மெல்ல ரோட்டின் ஓரத்துக்கு இழுத்தது. சக்கரம் மண்ணில் இறங்கிக் கரகரத்தது.

"சார்" என்றாள் வெண்ணிலா, இருந்த இடத்திலிருந்தே, பஸ் முழுக்கக் கேட்கும்படி. "எங்களப் பாத்தது போதும். முன்னாடி பாத்து ஓட்டுங்க."

அவர் முகம் காது வரை சூடேறியது. ஸ்டியரிங்கைத் திருப்பி வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்தார். முன்னால் பார்த்தார். வளைவுக்கு அப்பால், எந்த நிறுத்தமும் இல்லாத இடத்தில், வெயிலில் யாரோ தலைச்சுமையோடு ஓடிவந்துகொண்டிருந்தார்கள், வண்டி நிற்கும் என்ற நம்பிக்கை கொஞ்சமும் இல்லாத ஓட்டம் அது. பரஞ்சோதி பிரேக்கில் காலை வைத்தார்.